11 மணி நேர உரையாடல் வீடியோ கையில் இருக்கிறது; இதில் எதை எண்ணுவது?

கைவீச்சு:

வணக்கம். உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு, முதல் வருடம். பதிவு செய்திருக்கும் தலைப்பு "இருவர் உரையாடலில் சொல்சாரா நடத்தைகள்". கேட்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. உள்ளே இறங்கினால் கால் தரையில் படவில்லை.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பழக்கமுள்ள 22 ஜோடிகளை அழைத்து, ஒவ்வொரு ஜோடியையும் அரை மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்தேன். ஒருவர் தான் மயிரிழையில் தப்பித்த சம்பவம் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். பாதியில் இடம் மாறிக்கொள்ளலாம். ஒரே கேமரா, பக்கவாட்டில். இருவரும் தெரிகிறார்கள், ஆனால் முகம் பாதிதான்.

அப்புறம் எக்செல்லில் 37 பத்திகள் போட்டேன். கை கட்டுதல், மூக்கைத் தொடுதல், தலையசைத்தல், கால் ஆட்டுதல், பார்வையை விலக்குதல் என்று மனதில் தோன்றியதெல்லாம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் நடந்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு தோழியை உட்கார வைத்து இரண்டு ஜோடிகளைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன். மூக்குப் பத்தியில் நாங்கள் இருவரும் 90 சதவீதம் ஒத்துப்போனோம். சந்தோஷமாகக் கொண்டுபோய் கைடிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கை கட்டினால் என்ன அர்த்தம்?" பதில் சொல்ல வரவில்லை. "அர்த்தம் தெரியாத ஒன்றை எதற்கு எண்ணினீர்கள்?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று. முன்மொழிவின் முதல் வரியிலேயே "மனிதத் தொடர்பில் 93 சதவீதம் சொல்சாராதது" என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

கேட்க வேண்டியது இதுதான். அந்த 93 சரியா, தவறா? 37 பத்திகளில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது? அல்லது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் தயவுசெய்து "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

மேடைக்காரன்:

நான் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுப்பவன். 93 நிரூபிக்கப்பட்டது, தைரியமாகப் போடுங்கள். 7 சொல், 38 குரல், 55 உடல். எல்லா வகுப்பிலும் முதல் ஸ்லைடே இதுதான். அர்த்தங்களுக்கு நீங்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம், ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. கை கட்டினால் மறுப்பு. மூக்கைத் தொட்டால் பொய். காலின் நுனி வாசலைப் பார்த்தால் கிளம்ப நினைக்கிறார். உங்கள் 37 பத்திக்கும் நேராக அர்த்தத்தை எழுதிவிட்டால் கைடின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வாழ்த்துகள்.

நாற்பதுமில்லி:

கைவீச்சு, நீங்கள் தம்பியா தங்கையா தெரியவில்லை, யாராக இருந்தாலும் மேலே உள்ள பதிலைக் கைடிடம் காட்டிவிடாதீர்கள். மேடைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்த ஸ்லைடைப் போட்டுப் பேசியவள்தான், அதுவும் இரண்டு வருடம்.

முதலில் அந்த 93-ஐ இறக்கி வைத்துவிடுவோம். 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் தன் சகாக்களுடன் இரண்டு சோதனைகளை வெளியிட்டார். ஒன்றில் பாசமான, நடுநிலையான, கடுமையான ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து கேட்க வைத்தார்கள். மற்றதில் "இருக்கலாம்" என்கிற மாதிரி ஒரே ஒரு சொல், மூன்று தொனி, கூடவே மூன்று விதமான முகப் புகைப்படங்கள். கேட்டவர்களிடம் இருந்த கேள்வி, பேசுகிறவருக்கு எதிராளி மேல் விருப்பமா வெறுப்பா என்பது மட்டும்தான். இரண்டு தனித்தனிச் சோதனைகளில் கிடைத்த விகிதங்களைப் பிறகு ஒன்றாக ஒட்டியதில் வந்ததே 7, 38, 55. அதில் வாக்கியம் கிடையாது, உரையாடல் கிடையாது, கை கால் எதுவும் கிடையாது. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ரேபியனே எழுதியிருக்கிறார். அதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. இந்தப் பதிலை நான் முகமே இல்லாமல்தான் எழுதுகிறேன். உங்களுக்கு 7 சதவீதம்தான் வந்து சேர்கிறது என்றால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கைடின் கேள்வி. அவர் கேட்டது நியாயம்தான், ஆனால் அதற்கு நேரடியாகப் பதில் தேட ஆரம்பித்தால் நான் விழுந்த குழியில்தான் நீங்களும் விழுவீர்கள்.

என் ஆய்வின் முதல் தொகுப்பில் 9 ஜோடிகள். அதில் 6 ஜோடிகளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கதையின் கடைசிப் பகுதியில் இடப்பக்கம் மேலே ஒரு நொடி பார்த்தார்கள். ஆறு பேர்! கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில்! எனக்குத் தூக்கமே வரவில்லை. நினைவைத் தேடும் பார்வை என்று பெயர் வைத்து 14 பக்கம் எழுதினேன். அடுத்த தொகுப்பு எடுக்கும் நாளில் மைக்கைச் சரிபார்க்க அந்த நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். இடப்பக்கம் மேலே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், சுவர்க் கடிகாரம். ஆரம்பத்தில் எல்லோரிடமும் "ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள்" என்று சொன்னவளும் நானேதான்.

14 பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கோபத்தில் அந்த ஆறு இடங்களையும் மறுபடி ஓடவிட்டேன், இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி. நான்கு இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இடங்களில் மட்டும், கடிகாரம் பக்கம் போன பார்வையைக் கேட்பவர் பிடித்துவிட்டார். ஒருவர் "நேரமாச்சா?" என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். இரண்டு கதையும் பத்து நொடிக்குள் சட்டென்று முடிந்தது.

ஒரே பார்வை. நான்கு இடங்களில் அது வெறும் மணி பார்த்தல். இரண்டு இடங்களில் அது பேச்சையே திருப்பிய செய்தி. அர்த்தம் கண்ணில் இருக்கவில்லை, எதிரில் இருந்தவர் அதை என்ன செய்தார் என்பதில் இருந்தது. எக்மன், ஃப்ரீசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1969-லேயே இதைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்: பார்ப்பவருக்குத் தகவல் தரும் நடத்தை வேறு, சொல்ல வேண்டும் என்றே செய்யும் நடத்தை வேறு, எதிராளியின் நடத்தையை மாற்றுகிற நடத்தை வேறு. ஒன்றே மூன்றாகவும் இருக்கலாம், ஒன்றாகக்கூட இல்லாமலும் போகலாம். நான் படித்திருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கும் வரை புரியவில்லை.

ஆகவே "கை கட்டினால் என்ன அர்த்தம்" என்று கேட்காதீர்கள். "கை கட்டியது எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, அடுத்து மற்றவர் என்ன செய்தார்" என்று கேளுங்கள். உங்கள் எக்செல் தாளில் இதற்கு இடமே இல்லை. ஒரு நிமிடத்தை ஒரு கட்டமாக்கிவிட்டீர்கள். அந்த நிமிடத்துக்குள் யார் முதலில், யார் பிறகு என்பது போய்விட்டது. கேள்வி முடிந்து பதில் தொடங்க எவ்வளவு இடைவெளி என்று பத்து மொழிகளில் அளந்த ஆய்வு 2009-ல் வந்தது. சராசரி சுமார் 200 மில்லி செகண்ட். என் பழைய கேமரா நொடிக்கு 25 பிரேம் எடுக்கும், அதாவது ஒரு பிரேம் 40 மில்லி செகண்ட் (பெயர்க்காரணம் அதுதான்). அந்த இடைவெளி வெறும் ஐந்து பிரேம். உங்கள் ஒரு கட்டத்துக்குள் 1500 பிரேம் கிடக்கிறது.

அந்த 90 சதவீதத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மூக்கைத் தொடுவது பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் நடக்கிறது என்று வையுங்கள். நீங்களும் தோழியும் வீடியோவையே பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பத்தில் ஒன்பது கட்டங்களில் 0 போட்டிருந்தாலும், தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். 0.9 பெருக்கல் 0.9, அதோடு 0.1 பெருக்கல் 0.1. கூட்டிப் பாருங்கள். இந்தத் தற்செயலைக் கழிப்பதற்குத்தான் 1960-ல் ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவைக் கொடுத்தார். 90-லிருந்து 82 போனால் 8. எட்டக்கூடிய மீதி 18. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. உங்கள் 90 அவ்வளவுதான். அதை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது.

புதிதாகப் பதிவு செய்ய வேண்டாம். (இது உங்களுக்காக இல்லை, உண்மையாகவே வேண்டாம்.) 37 பத்தியில் 36-ஐ மூடுங்கள். தலையசைப்பை மட்டும் வையுங்கள், அதிலும் கேட்பவரின் தலையசைப்பு. ஏன் என்றால், தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் நல்ல பணியைக் கொடுத்திருக்கிறீர்கள். மயிரிழையில் தப்பிய கதையை வைத்தே ஜேனட் பேவலஸ் குழு 2000-ல் ஒரு அழகான சோதனையை வெளியிட்டது. கேட்பவர்களில் சிலருக்கு ரகசியமாக ஒரு வேலை: பேசுபவர் "t" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ண வேண்டும். அவர்கள் பார்த்தார்கள், காது கொடுத்தார்கள், ஆனால் கதையைக் கேட்கவில்லை. சாதாரண "ம்"மும் தலையாட்டலும் குறைந்தன. கதைக்கென்றே வரும் எதிர்வினைகள், அதாவது முகம் சுளிப்பது, மூச்சை இழுப்பது, விட்ட சொல்லை எடுத்துக் கொடுப்பது, கிட்டத்தட்ட வற்றிவிட்டன. அதனால் கெட்டது யாருடைய வேலை தெரியுமா? பேசுபவருடையது. கதையின் முடிவில் தடுமாறினார்கள், முடித்ததையே திரும்பத் திரும்ப முடித்தார்கள், எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். கேட்பவரின் முகம் பாதிக் கதையைச் சொல்கிறது, அந்தப் பாதி காணாமல் போனால் சொல்பவர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் 44 கதைகள் இருக்கின்றன. கேட்பவர் எங்கே தலையசைத்தார், எங்கே அசைக்க வேண்டிய இடத்தில் அசைக்கவில்லை, அடுத்த நொடியில் சொல்பவர் என்ன செய்தார். இதுவே மூன்று வருட வேலை.

மேடைக்காரன்:

சகோதரி, கோபம் இல்லை. ஆனால் பொய்யைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. என் வகுப்பில் ஆட்கள் காசு கொடுத்து வருவதே அதற்காகத்தான்.

நாற்பதுமில்லி:

சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காது. சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல் அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் திரட்டினார்கள். தீர்ப்பு சொன்னவர்கள் 24,000-க்கும் மேல். பொய்யையும் மெய்யையும் பிரித்ததில் சராசரி வெற்றி 54 சதவீதம். காசைச் சுண்டினால் 50. டிபாலோ குழு 2003-ல் 158 அறிகுறிகளை ஆராய்ந்ததிலும், பெரும்பாலானவற்றுக்குப் பொய்யோடு தொடர்பு இல்லை, இருந்தவையும் பலவீனம். மூக்கைத் தொட்டவருக்கு மூக்கு அரித்திருக்கலாம். உங்கள் வகுப்பில் பொய்யை விட்டுவிட்டு, கேட்பது எப்படி என்று ஒரு மணி நேரம் எடுங்களேன், கேட்பவரை ரகசியமாக எழுத்து எண்ணவிட்டு. அதே கூட்டம் வரும் என்றே நினைக்கிறேன்.

அரைத்தூக்கம்:

குறுக்கே ஒரு விஷயம். கைவீச்சு, தலையசைப்பைக் குறிப்பவர் நீங்கள் மட்டும் என்றால் ஜாக்கிரதை. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை. கணக்குக் கேட்டால் காலால் தட்டிச் சரியான விடை சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் துருவிப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியிருக்கிறது. ஃபுங்ஸ்ட் விஷயம் தெரிந்த பிறகும் தன் அசைவை அடக்கத் தடுமாறினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று உங்கள் தோழிக்குத் தெரிந்தால் அவரும் அந்த இடத்தில்தான் தட்டுவார். கருதுகோளைச் சொல்லாமல் குறிக்க விடுங்கள்.

ஏட்டுச்சுவடி:

நான் இலக்கியக்காரன், எண்ணுவது வராது. படிக்கப் படிக்க ஒன்று தோன்றியது, சொல்லிவிட்டுப் போகிறேன். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. இந்த எட்டைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதற்கடுத்த பகுதியை மறந்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், சொல்லப்படுகிறது. நகை வருவது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கால். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கால். ஆக மொத்தம் 32.

உதடு எப்படி வளைந்தது, புருவம் எவ்வளவு ஏறியது என்று அந்த நூற்பாக்கள் சொல்லவில்லை. எந்தச் சூழலில் பிறந்தது என்றுதான் வகைப்படுத்துகின்றன. எள்ளிச் சிரிப்பதும் குழந்தைத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதும் முகத்தில் ஒரே சிரிப்பாக இருக்கலாம், கணக்கில் வேறு. நாற்பதுமில்லி சொன்ன கடிகாரக் கதையும் இதுவும் ஒன்றா, இல்லை நான் வலிந்து பொருத்துகிறேனா?

நாற்பதுமில்லி:

பாதி ஒன்று. நீங்கள் சொல்வது அந்த அசைவு எதனால் பிறந்தது என்பது, நான் சொன்னது அது அடுத்து எங்கே போனது என்பது. இரண்டும் வேண்டும்.

ஆனால் நீங்கள் கை வைத்தது இந்தத் துறையின் பெரிய சண்டையில். டார்வின் 1872-ல் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய நாளிலிருந்து ஒரு கட்சி, முகம் உள்ளே இருக்கும் உணர்ச்சியின் கண்ணாடி என்கிறது. 1978-ல் எக்மனும் ஃப்ரீசனும் முகத்தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். 12 என்றால் உதட்டோரம் மேலே போவது, 6 என்றால் கண்ணைச் சுற்றிய தசை சுருங்கிக் கன்னம் ஏறுவது. அந்த முறை அருமையான கருவி, அசைவை மட்டும் சொல்லும், அர்த்தத்தைத் திணிக்காது. அதன் மேல் ஏற்றிவைத்த அர்த்தங்களில்தான் தகராறு. மறு கட்சியின் செல்லப்பிள்ளை 1979-ல் க்ராட்டும் ஜான்ஸ்டனும் வெளியிட்ட ஆய்வு. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டில் ஆட்களைக் கவனித்தார்கள். நன்றாக உருட்டியவர் கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது அவ்வளவாகச் சிரிக்கவில்லை. திரும்பி நண்பர்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சந்தோஷம் அப்போதே வந்துவிட்டது, சிரிப்புதான் ஆளுக்காகக் காத்திருந்தது. 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரட்டும் வேறு நால்வரும் இருக்கிற ஆதாரங்களையெல்லாம் அலசி, முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகப் படிக்க முடியாது என்று நீளமாக எழுதினார்கள். எக்மன் பக்கத்தினர் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

கைவீச்சு, நீங்கள் இந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். உங்கள் வீடியோவில் முகம் பாதிதான். அது உங்களுக்கு நல்லதே.

கைவீச்சு:

எல்லோருக்கும் நன்றி. 93-ஐ அடித்துவிட்டேன். 36 பத்திகளையும் மூடிவிட்டேன், கொஞ்சம் வலித்தது, முக்கியமாகக் கால் ஆட்டல்.

நடைமுறையில் சில சந்தேகங்கள். எதில் குறிப்பது? எக்செல்லில் பிரேம் கணக்கு வராது. ஒலியோடு பார்ப்பதா, இல்லாமலா? தலையசைப்பு எங்கே தொடங்குகிறது என்று எப்படி முடிவெடுப்பது? பேசுபவரின் கையசைவை முழுசாக விட்டுவிடலாமா? போனில் பேசும்போதும் கை ஆடுகிறதே, அப்படியானால் அது எதிராளிக்கானது இல்லைதானே?

நாற்பதுமில்லி:

ஈலான் என்றொரு மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். வீடியோவுக்குக் கீழே அடுக்கு அடுக்காகக் கோடு போடலாம். சொல்பவரின் பேச்சுக்கு ஒன்று, கேட்பவரின் தலைக்கு ஒன்று, கேட்பவரின் "ம்", "அய்யோ"வுக்கு ஒன்று. மூன்று போதும். நான்காவது போடக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள்.

முதல் சுற்றில் ஒலியை அணைத்துவிட்டுத் தலையை மட்டும் குறியுங்கள். ஒலி இருந்தால் "ம்" கேட்ட இடத்திலெல்லாம் தலை அசைந்த மாதிரியே தெரியும். எனக்குத் தெரிந்திருக்கிறது, பிறகு பிரேம் பிரேமாகப் பார்த்தால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். இரண்டாவது சுற்று ஒலியோடு, பேச்சை எழுதுவதற்கு. தயங்கியதையும் திக்கியதையும் திருத்தாமல் எழுதுங்கள். "நான் வந்து... நான் அன்னைக்கு" என்பதில் அந்த முதல் "நான் வந்து" குப்பை இல்லை. சார்ல்ஸ் குட்வின் 1980-81 வாக்கில் காட்டினார்: பேசுபவர் வாக்கியத்தைத் தொடங்குகிறார், கேட்பவர் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது, அங்கேயே அறுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார், அதற்குள் பார்வை வந்து சேர்ந்துவிடுகிறது. திக்கல் என்று நாம் துடைத்துப்போடுவது ஆளைக் கூப்பிடும் மணி. நீங்கள் சுத்தமாகத் தட்டச்சு செய்தால் ஆய்வுப்பொருளையே அழித்துவிடுவீர்கள்.

எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தது இது: தலை நின்ற இடத்தை விட்டு முதன்முதலில் நகரும் பிரேம் தொடக்கம், மறுபடி நிற்கும் பிரேம் முடிவு, நடுவே எத்தனை ஆட்டம் என்பது தனி. ஒரே ஒரு இறக்கமும் ஐந்தாறு சிறு ஆட்டமும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்று பார்க்கப் பார்க்கத் தெரியும். விதி எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு கதைகளிலேயே உடையும். உடைந்தால் திருத்துங்கள், திருத்திய தேதியைப் போடுங்கள், ஏற்கெனவே குறித்ததை மறுபடி குறியுங்கள். நான் அந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் மாதத்தில் பழைய விதி ஒரு பாதி, புதிய விதி ஒரு பாதி என்று ஆகி, நான்கு மாத உழைப்பை முதலிலிருந்து செய்தேன்.

கையசைவை இப்போதைக்கு விடுங்கள். அது உப்புசப்பில்லாதது என்பதற்காக அல்ல, அது தனிக் கடல். அரைத்தூக்கம் தூங்காவிட்டால் சொல்வார்.

அரைத்தூக்கம்:

விழித்திருக்கிறேன். போன் விஷயத்துக்கு நல்ல பதில் ஒன்று உண்டு. ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் 1998-ல் வெளியிட்டது. பிறவியிலேயே பார்வையில்லாத சிறுவர்களைப் பேச வைத்தார்கள். யாருடைய கையசைவையும் அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. பேசும்போது கை அசைத்தார்கள், பார்வையில்லாத இன்னொருவரிடம் பேசியபோதும் அசைத்தார்கள். ஆகக் கையசைவு பார்ப்பவருக்காக மட்டும் இல்லை, பேசுகிறவரின் சிந்தனையோடும் பிணைந்தது. ஆனால் "எதிராளிக்கானது இல்லை" என்று ஒரேயடியாகவும் சொல்ல முடியாது. திசை காட்டும்போது, அளவு காட்டும்போது கேட்பவர் கையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே கை.

கூடவே ஒரு கேள்வி. முகம் தெரியும் வீடியோவுக்கு அனுமதி வாங்கினீர்களா? பதிவு செய்ய ஒரு கையெழுத்து, கருத்தரங்கில் திரையில் காட்ட வேறு கையெழுத்து. முகத்தை மங்கலாக்கினால் உங்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது, அதனால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கைவீச்சு:

பதிவுக்கு வாங்கினேன், காட்டுவதற்கு வாங்கவில்லை. நாளையே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முயன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஏழாவது ஜோடி, ஒரே கதை, மூன்று நிமிடம். ஒன்றரை நாள் எடுத்தது! மொத்தம் 41 தலையசைப்பு. அதில் 9 இடங்களில் அது தலையசைப்பா, சிரிப்பில் தலை குலுங்கியதா என்று முடிவெடுக்க முடியவில்லை. தோழியும் அதே இடங்களில்தான் விழித்தாள் (கருதுகோளைச் சொல்லவில்லை, சத்தியமாக).

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. சொல்பவர் "பிரேக் பிடிக்கல" என்றதும் கேட்பவரின் தலை அதுவரை ஆடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ஏழு நொடி ஒரு அசைவும் இல்லை. "கடைசியில நின்னுடுச்சு" என்று வந்த பிறகு மெதுவாக, ஒரே ஒரு முறை, கீழே இறங்கியது. இதற்கு நான் என்ன குறியீடு போடுவது? நடக்காத ஒன்றுக்கு ஈலானில் கோடு போடலாமா?

அந்த 9-ஐ விட்டுவிடலாமா?

நாற்பதுமில்லி:

9-ஐ விடாதீர்கள், "தெளிவில்லை" என்று தனிக் குறியீடு கொடுங்கள். இருவரும் ஒரே இடத்தில் விழித்தீர்கள் என்றால் வீடியோவில் உள்ள ஆளும் அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்.

அந்த ஏழு நொடிக்குக் கோடு போடலாம், போட வேண்டும். "தலை நிறுத்தம்" என்று பெயர் வைத்து, ஆடிய தலை எந்த பிரேமில் நின்றது, சொல்பவரின் எந்த எழுத்தில் நின்றது என்று குறியுங்கள். "பிரேக்"கிலா, "பிடிக்கல"விலா? "பிடிக்கல" முடிவதற்கு முன்பே நின்றிருந்தால் அவர் கதை போகும் திசையை முன்கூட்டியே பிடித்துவிட்டார் என்று பொருள், அது உங்கள் இரண்டாவது அத்தியாயம். மற்ற 43 கதைகளிலும் அபாயம் உச்சத்துக்கு வரும் இடத்தை முதலில் பேச்சை மட்டும் வைத்துக் குறித்துவிட்டு, அப்புறம் தலையைப் பாருங்கள்.

எந்த எழுத்து என்று பார்த்ததும் இங்கே எழுதுங்கள்.